கதைகளிலும் விளையாட்டுகளிலும் வரும் மறைக்குழுக்களுக்கு நம்பும்படியான பெயர் வைப்பது எப்படி?

ஏட்டுச்சுருள் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். நாவலாக எழுதத் தொடங்கிய ஒரு கதையை, இரு நண்பர்களுடன் சேர்ந்து பாத்திரமேற்பு விளையாட்டாகவும் உருவாக்கிவருகிறேன். கதை ஓர் உப்பேரியின் கரையில் நடக்கிறது. மூன்று தலைமுறைகளுக்கு முன் ஓர் இரவில் ஏரி பெருகி ஊரின் பாதியை விழுங்கிவிட்டது. மூழ்கியவர்கள் இறக்கவில்லை, நீருக்கடியிலிருந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பொறுமையாகக் கேட்பவர்களுக்கு அந்தப் பேச்சு கேட்கும் என்று நம்பும் ஒரு மறைக்குழு அந்தக் கரையில் வாழ்கிறது. நிலவில்லாத இரவுகளில் அவர்கள் நீர்விளிம்பில் அமர்ந்து, வாயில் ஓர் உப்புக்கல்லை அடக்கிக்கொண்டு, அது கரைந்து முடியும்வரை ஒரு சொல்லும் பேசாமல் காதுகொடுத்திருப்பார்கள். கதையின் பிற்பகுதியில், நீரிலிருந்து உத்தரவு வந்ததாகச் சொல்லி உயிர்களையும் எடுப்பார்கள்.

இந்தக் குழுவுக்கு நான் வைத்த பெயர் 'கருநிழல் சங்கம்'. சென்ற வாரம் ஐந்து பேரை வைத்துச் சோதனை ஆட்டம் நடத்தினோம். மழையில் நனைந்து வந்த பயணிகளுக்கு ஒரு மூதாட்டி போர்வை கொடுத்து, தங்க இடமும் காட்டும் காட்சி அது. அவள் "நாங்கள் கருநிழல் சங்கத்தார்" என்று சொல்லி வாய்மூடுவதற்குள் மூன்று பேர் வாளை உருவிவிட்டார்கள். பல மாதங்கள் யோசித்துக் கட்டிய மர்மம் ஒரே சொல்லில் உடைந்துபோனது. பெயரை மாற்றியாக வேண்டும் என்பது தெரிகிறது; எப்படிப்பட்ட பெயரைத் தேட வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவடி

அந்தப் பெயரை உங்கள் மூதாட்டி தானே விரும்பித் தேர்ந்தெடுத்திருப்பாளா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தன்னைத் தீயவள் என்று கருதுகிற ஒருத்திதான் 'கருநிழல்' என்ற சொல்லைத் தன் வாசலில் எழுதிவைப்பாள். நீங்கள் விவரித்த மூதாட்டியோ, தண்ணீரில் போன தன் பாட்டியின் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று ஏங்குகிறவள். அவள் வைக்கும் பெயரில் ஏக்கம் இருக்கும், உறவு இருக்கும், ஒருவேளை பெருமிதமும் இருக்கும், அச்சுறுத்தல் இருக்காது. நீங்கள் வைத்தது அவளைக் கண்டு அஞ்சுகிறவர்கள் வைத்த பெயர்.

சமய வரலாற்றைப் புரட்டினால், உள்ளிருப்பவர் வைத்த பெயரும் வெளியிலிருப்பவர் வைத்த பெயரும் அடியோடு வேறுபடுவதை மீண்டும் மீண்டும் காணலாம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறித்தவ இயக்கத்தார் தங்களை 'நண்பர்களின் சமயச் சங்கம்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். உலகம் அவர்களைக் 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர்கள், என்ற கேலிப்பெயரால்தான் அறிந்திருக்கிறது. உருசியாவில் 'மோலோக்கான்' என்றொரு பிரிவினர் உண்டு. திருச்சபை பாலை விலக்கச் சொன்ன நோன்பு நாட்களிலும் அவர்கள் பால் அருந்தியதால், பால் குடிப்போர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே நாட்டின் 'துகோபோர்' கதை இன்னும் சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் ஒரு பேராயர், தூய ஆவியை எதிர்த்து மல்லுக்கட்டுகிறவர்கள் என்ற பொருளில் அவர்களைப் பழித்தார். அவர்களோ அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, ஆவியின் துணையோடு போராடுகிறவர்கள் என்று பொருளைத் திருப்பிவிட்டார்கள். மேற்காசியாவில் வாழும் துரூசுகள் என்ற சமயப் பிரிவினர் தங்களை 'ஒருமைக் கொள்கையினர்' என்கிறார்கள். உலகம் அவர்களுக்கு இட்ட பெயரோ, அவர்களே வழிதவறியவர் என்று ஒதுக்கிய ஒரு போதகரின் பெயரிலிருந்து வந்தது.

இவற்றில் எதுவும் வன்முறைக் குழு அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் பிறக்கும் முறைக்காக மட்டுமே எடுத்துக்காட்டினேன். உங்கள் குழுவுக்கு ஒரு பெயர் போதாது. குறைந்தது இரண்டு வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள தூரத்தில்தான் உங்கள் கதை நடக்கிறது.

பகடையாளர்

பழஞ்சுவடி சொல்வது நாவலுக்கு முழுவதும் பொருந்தும். ஆனால் நான் பல ஆண்டுகளாக மேசை விளையாட்டு நடத்துகிறவன். என் பக்கத்துச் சிக்கலையும் கேளுங்கள். நாவல் வாசகர் பெயர் மறந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். என் மேசையில் அமர்பவர்கள் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறைதான் கூடுகிறார்கள். 'நல்லோர் வட்டம்', 'அமைதிச் சங்கம்', 'ஒளிநெறி மன்றம்' என்று மூன்று அடக்கமான பெயர்களை ஒரே கதையில் வைத்தேன். நான்காம் அமர்வில் எந்தக் குழு யாரைக் கடத்தியது என்று ஒருவருக்கும் நினைவில்லை. உருவமே இல்லாத நல்ல சொற்கள் மனத்தில் ஒட்டுவதில்லை. உள்ளிருப்பவர்கள் தங்களை நல்லவர்களாக நினைக்கிறார்கள் என்பதற்காக, எல்லாக் குழுவுக்கும் ஒளி, அமைதி, அன்பு என்று பெயர் வைத்தால், 'கருநிழல்' போலவே அதுவும் தேய்ந்த வழக்காகிவிடும். இன்றைய ஆட்டக்காரர்கள் ஒளி என்ற சொல்லைக் கேட்டாலே ஐயப்படுகிறார்கள்.

என் கருத்தில், பெயரில் கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். ஏட்டுச்சுருள் எழுதியதில் எனக்கு உடனே மனத்தில் பதிந்தது உப்புக்கல்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

பழஞ்சுவடி

பகடையாளர் கண்டித்தது சரி, நான் திருத்திக்கொள்கிறேன். பொருளை வைத்துப் பெயர் பிறப்பதற்கு வரலாறும் சான்று தருகிறது. சீனத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு தாவோ இயக்கத்தில் சேருகிறவர்கள் ஐந்து அளவை அரிசி காணிக்கை தர வேண்டியிருந்ததால், அதற்கு 'ஐந்து மரக்கால் அரிசி வழி' என்று சொல்லத்தக்க பெயர் ஏற்பட்டது; அவர்கள் தங்கள் நெறியை 'வானுலக ஆசான்களின் வழி' என்றார்கள். அதே காலத்தில், கி.பி. 184இல் கிளர்ந்தெழுந்த மற்றோர் இயக்கம் தன்னைப் 'பேரமைதி வழி' என்றது; அவர்கள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்து மற்றவர்கள் 'மஞ்சள் தலைப்பாகையர்' என்றார்கள். நம் பக்கத்திலும் மண்டையோடு ஏந்தியவர் காபாலிகர், திசைகளையே ஆடையாகக் கொண்டவர் திகம்பரர், வெள்ளாடை உடுத்தியவர் சுவேதாம்பரர்.

கவனித்தீர்களா? உயர்ந்த கருத்தை வைத்த பெயர் பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது. உடுப்பு, உணவு, காணிக்கை, உடலசைவு ஆகியவற்றை வைத்த பெயரை வெளியிலிருப்பவர் சூட்டுகிறார், ஏனெனில் அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். எனவே உப்புக்கல் ஊராரின் வாயில் வரட்டும்.

சொல்லாழி

மொழியின் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது ஒலி. மிரட்டும் குழு என்றால் பெயரில் 'க்ர', 'த்ர', 'ஸ்க்' போன்ற ஒலிகளை அடுக்க வேண்டும் என்ற பழக்கம் பிற மொழிக் கற்பனைக் கதைகளிலிருந்து நமக்குத் தொற்றியிருக்கிறது. ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்பு உண்டு என்பது மெய்தான். 1929இல் வுல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் கூர்முனைகள் கொண்ட உருவத்தையும் வளைவான உருவத்தையும் காட்டி, எதற்கு எந்தப் பொருளற்ற பெயர் பொருந்தும் என்ற கேள்வியை எழுப்பினார், 2001இல் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 'கீக்கீ', 'பூபா' என்ற சொற்களை வைத்து எழுதிய ஆய்வில் தமிழ் பேசுவோரும் இடம்பெற்றனர். கூர்மையான உருவத்துக்குக் 'கீக்கீ' என்றே மிகப் பெரும்பாலானோர் சொன்னார்கள். ஆனால் கூர்மை வேறு, அச்சம் வேறு. இரட்டித்த வல்லினம் நிறைந்த பெயர் உரத்துக் கேட்கும். உரத்துக் கேட்பது அருகில் வந்து அணைக்காது. மறைக்குழுவின் ஆற்றல் அணைப்பில் இருக்கிறது. மெல்லினமும் இடையினமும் நிறைந்த பெயரைத் தாலாட்டுப் போலச் சொல்ல முடியும். அதே பெயரைப் பிணத்தின் அருகில் ஒருவர் அதே மென்மையோடு சொன்னால் வாசகருக்கு உண்டாகும் நடுக்கத்தை எந்த வல்லினமும் தராது.

இரண்டாவது விகுதி. தமிழில் ஒரு குழுவின் பெயரை வைக்கும்போது, அதில் ஒருவரை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். பலர்பால் பெயர் அழகாக இருக்கும், ஒருமையில் இடறும். பெயரைப் பத்து வாக்கியங்களில் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். "அவள் ஒரு..." என்று தொடங்கும் வாக்கியத்தில் நாக்கு தடுமாறினால் அந்தப் பெயர் கதையில் நிலைக்காது.

ஏட்டுச்சுருள்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். ஊரார் வைக்கும் பெயர் எளிதாகவே கிடைத்தது: 'உப்புவாயர்'. ஆண் என்றால் உப்புவாயன், பெண் என்றால் உப்புவாய்ச்சி. சந்தையில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொல்வது என் காதில் கேட்கிறது.

உள்ளிருப்போர் பெயருக்கு மட்டும் இரண்டுக்கிடையே தவிக்கிறேன். ஒன்று 'செவிசாய்ப்போர்'; மற்றொன்று, கேட்பவர்கள் என்ற பொருளில், 'கேளார்'. இரண்டாவது குறுகலாகவும் பழமையாகவும் ஒலிப்பதால் அதுவே பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

சொல்லாழி

'செவிசாய்ப்போர்' நான் சொன்ன அதே இடத்தில் விழுகிறது. "அவள் ஒரு செவிசாய்ப்போள்" என்று யாரும் பேச மாட்டார்கள்.

'கேளார்' என்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அது எதிர்மறை. உண்ணார் என்றால் உண்ணாதவர், அறியார் என்றால் அறியாதவர். அப்படியே கேளார் என்றால் கேட்காதவர். பழைய வழக்கில் அது பகைவரையும் குறிக்கும். உங்கள் குழு தன் முழு நம்பிக்கையையும் மறுக்கும் பெயரை ஏந்தி நிற்கும்.

ஆனால் கைவிட வேண்டாம். நீங்கள் புதையலுக்கு ஓர் எழுத்து தள்ளி நிற்கிறீர்கள். 'கேளிர்' என்று மாற்றிப் பாருங்கள். கேளிர் என்றால் உறவினர். சங்கப் பாடலடி ஒன்றின் வழியாக ஏறத்தாழ எல்லாத் தமிழ் வாசகருக்கும் அறிமுகமான, அன்போடு நினைவில் நிற்கும் சொல் அது. அதன் அடியில் இருக்கும் 'கேள்' என்பதற்கு உறவு என்றும் பொருள். காதால் கேட்பதற்கான வினையும் அதே வடிவம்தான். மூழ்கியவர்களோடு உறவையும் கேட்டலையும் ஒரே சொல்லில் கட்டும் பெயர் தமிழில் முன்பே தயாராக இருந்திருக்கிறது. ஒருமைச் சிக்கலும் தீர்ந்துவிடும்: "அவர் நம் கேள்" என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். ஒருவரையொருவர் "கேள்" என்று விளிக்கலாம். வெளியாளின் காதில் அது 'உறவே' என்ற அழைப்பாகவும் விழும், 'காதுகொடு' என்ற கட்டளையாகவும் விழும்.

பெயரைத் தேடும்போது அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஓர் எழுத்து நீண்டால் குறைந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் பழக்கம். ஆபத்தும் அதில்தான் தெரியும், புதையலும் அதில்தான் கிடைக்கும்.

பகடையாளர்

படித்ததும் மெய்சிலிர்த்தது. உருவமில்லாத நல்ல சொற்கள் ஒட்டாது என்று மேலே எழுதினேன். 'கேளிர்' ஒட்டும், ஏனென்றால் அது ஒவ்வொரு சந்திப்பிலும் விளியாக வாயில் புழங்கும். விளையாட்டில் பெயர் நினைவில் நிற்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மௌனப்பறவை

இந்த இழையைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று தயங்கினேன். இளம் வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒரு மூடிய குழுவில் இருந்தேன். அதன் பெயரை எழுதப் போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை. உங்கள் கதைக்குப் பயன்படலாம் என்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே இருந்த காலத்தில் குழுவின் முழுப்பெயரை நாங்கள் பேச்சில் பயன்படுத்தியதே இல்லை. அது துண்டறிக்கையிலும் வாடகை ஒப்பந்தத்திலும் மட்டும் இருந்தது. எங்களுக்கு அது 'வீடு'. "வீட்டுக்கு வருகிறாயா", "வீட்டில் கேட்டாயா" என்றுதான் பேசுவோம். அந்தச் சொல் மெல்ல மெல்ல என் பெற்றோரின் வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டு அங்கே நடப்பட்டது. ஒருநாள் தொலைபேசியில் என் அம்மா "வீட்டுக்கு எப்போது வருவாய்" என்று கேட்டபோது, எந்த வீட்டைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அந்தக் கணம் இன்றும் என்னைக் குத்துகிறது.

அதனால் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குழுவுக்கு மட்டும் பெயர் வைத்து நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் அன்றாடச் சொற்களில் எவற்றைத் திருடிக்கொண்டார்கள் என்பதையும் எழுதுங்கள். வெளியேறியவரை எப்படிச் சொல்கிறார்கள்? புதிதாக வந்தவரை? ஐயத்தை? எங்கள் குழுவில் கேள்வி கேட்பதற்குக் 'களைப்பு' என்று பெயர். "அவருக்குக் களைப்பு வந்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள்" என்பார்கள். அவ்வளவு கனிவாகச் சொல்வார்கள். அந்தக் கனிவை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஏட்டுச்சுருள்

மௌனப்பறவை, இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 'வீடு' என்ற சொல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், என் கையெழுத்துப்படியில் மூதாட்டி பேசும் எல்லா இடங்களையும் திரும்பப் படித்தேன். அவள் பேச்சில் வெறும் விளக்கம்தான் இருந்தது. அவளுக்கென்று ஒரு சொல்கூட இல்லை. கேளிரிடையே யாரும் 'இறந்தார்' என்று சொல்வதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். 'கரைந்தார்' என்பார்கள். வாயிலிருக்கும் உப்பும் கரைகிறது, ஏரியில் இறங்கிய மனிதரும் கரைகிறார், கரை என்பது அவர்கள் அமரும் இடமும் ஆகிறது.

நிரல்மொழி

நான் விளையாட்டு நிறுவனங்களுக்கு உரையாடலும் இடைமுக வாசகமும் எழுதுகிறவள். அழகைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள்; திரையைப் பற்றிச் சிறிது பேச அனுமதியுங்கள், ஏனெனில் நல்ல பெயர்கள் பல அங்கேதான் சிதைகின்றன.

நிரலில் பெரும்பாலும் வாக்கிய வார்ப்பு ஒன்றை வைத்து, காலியிடத்தில் பெயரைச் செருகுவார்கள். தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு சேரும்போது பெயரே மாறும். 'சங்கம்' என்ற பெயரை வைத்து, நிரல் கண்ணை மூடிக்கொண்டு 'இல்' என்பதை ஒட்டினால், திரையில் 'சங்கம்இல்' என்று வந்து நிற்கும். வர வேண்டியது 'சங்கத்தில்'. 'காடு' என்று முடிந்தால் 'காட்டில்', 'ஆறு' என்று முடிந்தால் 'ஆற்றில்'. ஒவ்வொரு பெயருக்கும் எல்லா வேற்றுமை வடிவங்களையும் தனித்தனியாக எழுதிச் சேமிப்பதே சரியான தீர்வு. நேரமில்லாத சிறு குழுக்களுக்கு நான் சொல்வது, ரகரத்தில் முடியும் பெயரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. கேளிரை, கேளிரால், கேளிருக்கு, கேளிரிடம் என்று எதையும் உடைக்காமல் ஒட்டும். அப்போதும் உயிர்மெய் சேர்க்கையை நிரல் கவனிக்க வேண்டும். ஆனால் சொல்லின் உடல் மாறாது.

அடுத்தது நீளம். குறிப்பேட்டுத் தலைப்பிலும் வரைபடத்திலும் பெயர் துண்டிக்கப்படும் இடத்தைப் பாருங்கள். நான் முன்பு வேலை செய்த ஒரு விளையாட்டில் 'ஆழ்துயில் அன்னையின் அடியார் திருக்கூட்டம்' என்ற அருமையான பெயர் திரையில் 'ஆழ்துயில் அன்...' என்று நின்றது. ஆட்டக்காரர்கள் கடைசிவரை அதை ஓர் ஊரின் பெயர் என்றே நினைத்தார்கள். நீளமான முழுப்பெயரைக் கல்வெட்டிலும் கடிதத்திலும் வையுங்கள். திரையில் புழங்கும் பெயர் மூன்று நான்கு எழுத்துகளுக்குள் இருக்கட்டும்.

வேர்க்கோல்

புதியவன், ஒரு கவலையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பெயரைத் தேடும்போது வாழும் மக்களின் வழிபாட்டுச் சொற்களையும் குலப்பெயர்களையும் எடுத்து, ஒன்றிரண்டு எழுத்துகளை மாற்றி, கொலைகாரக் குழுவுக்குச் சூட்டும் வழக்கத்தைப் பல விளையாட்டுகளில் காண்கிறேன். இது தீங்கற்ற வேலை அன்று. 'தக்' என்ற இந்திச் சொல்லுக்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டுக் காலனிய அதிகாரிகள் வழிப்பறிக் கூட்டங்களைக் குறித்த அந்தச் சொல்லின்மேல், காளிக்குப் பலியிடும் ஒரு பரந்த இரகசியச் சமயத்தின் உருவத்தை ஏற்றிவிட்டார்கள். அது எவ்வளவு மெய் என்று வரலாற்றாய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த உருவம் கதைகளின் வழியாக உலகெங்கும் பரவி, ஒரு தெய்வத்தை வழிபடும் எளிய மனிதர்கள்மீது நிழலாக விழுந்தது. பெயர் ஒட்டிவிட்டால் உரிக்க முடியாது.

நான் கடைப்பிடிக்கும் ஒரே கட்டுப்பாடு இதுதான்: பெயரை முடிவு செய்யும் முன், இதே பெயரோ இதை ஒத்த பெயரோ கொண்ட குலம், கோயில், ஊர், சங்கம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுவேன்.

சொல்லாழி

வேர்க்கோல் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். 'கேளிர்' குறித்தும் அந்தத் தேடலைச் செய்துவிடுங்கள், ஏட்டுச்சுருள். பொதுச்சொல் என்பதால் தனிக்குழு எதையும் அது சுட்டாது என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பதோடு நிறுத்தக் கூடாது.

பழஞ்சுவடி

இன்னும் ஒரு பரிமாணம் மீதமிருக்கிறது: காலம். நம்பும்படியான பெயருக்கு வயது தெரியும். யப்பானில் 1984இல் யோகா வகுப்பாகத் தொடங்கிய ஒரு குழு, 1987இல் 'ஓம் சின்ரிக்யோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 'மெய்ம்மையின் போதனை' என்பது அதன் பொருள். 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க இரயில்களில் அந்தக் குழுவினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள், மக்கள் மாண்டார்கள். 2000இல் அதில் எஞ்சியவர்கள் 'அலெஃப்' என்ற புதுப்பெயரோடு தொடர்ந்தார்கள். ஓர் எழுத்துவரிசையின் முதல் எழுத்து அது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லாமல் சொல்லும் பெயர். 1978 நவம்பரில் உலகை உலுக்கிய பேரிழப்புக்குக் காரணமான அமெரிக்கக் குழுவின் பெயர் 'மக்கள் கோயில்'. கயானாக் காட்டில் அது அமைத்த குடியிருப்பு அதிகாரபூர்வமாக ஒரு 'வேளாண் திட்டம்'. 1993இல் டெக்சாசில் முற்றுகையிடப்பட்ட 'கிளைத் தாவீதியர்', தாவீதியர் என்ற குழுவிலிருந்து பிரிந்தவர்கள். அந்தத் தாவீதியர் ஏழாம்நாள் அட்வெந்திசுத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள். பெயரிலேயே பிளவுகளின் வரலாறு படிந்திருக்கிறது. 1776இல் பவேரியாவில் ஆதாம் வைசௌப்ட் தொடங்கிய இரகசியச் சங்கம் முதலில் 'முழுமையடையத்தக்கோர்' என்ற பொருள் தரும் பெயரைக் கொண்டிருந்தது. பிறகுதான் 'இலுமினாட்டி', ஒளிபெற்றோர், ஆனது. முதல் பெயரே நிலைத்திருந்தால் இத்தனை கட்டுக்கதைகள் அதன்மேல் வளர்ந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆகவே, ஏட்டுச்சுருள், கேளிருக்கு ஒரு மூன்றாம் பெயரும் தரலாம்: அரசு ஏட்டில் இருக்கும் பெயர். உரோமைப் பேரரசில் எளிய மக்கள் ஈமச்சடங்குச் செலவுக்காகச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். லனூவியம் என்ற ஊரில் தியானாவையும் அந்தினூசையும் வழிபட்ட அத்தகைய சங்கம் ஒன்றின் கி.பி. 136ஆம் ஆண்டு விதிகள் கல்வெட்டாகக் கிடைத்திருக்கின்றன. சேருகிறவர் 100 செசுட்டர்சு நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் தர வேண்டும் என்பது அதில் உள்ள விதி. பிணத்தை அடக்கம் செய்ய உதவும் சங்கத்தை எந்த அதிகாரியும் ஐயப்பட மாட்டார். உங்கள் குழுவும் அப்படிப் பதிந்திருக்கலாம். ஏரியில் போனவர்களுக்கு அடக்கம் செய்ய உடல்கள் இல்லை என்பதை நினைத்தால், அந்தப் பெயரில் துயரமும் சேர்ந்துகொள்கிறது.

ஏட்டுச்சுருள்

பத்து நாட்கள் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்த்தேன், எங்கள் குழுவோடு குழப்பிக்கொள்ளத்தக்க வழிபாட்டு அமைப்பு எதுவும் என் தேடலில் தட்டுப்படவில்லை. நேற்று வேறு ஐந்து பேரை வைத்து அதே காட்சியை மறுபடியும் ஆடினோம்.

அரசு ஏட்டில் 'ஏரிக்கரை நல்லடக்கச் சங்கம்'. ஊராரின் வாயில் 'உப்புவாயர்'. அவர்களுக்குள் 'கேளிர்'. ஆட்டக்காரர்கள் முதலில் சந்தையில் உப்புவாய்ச்சி என்ற ஏச்சைக் கேட்டார்கள். பிறகு மழையில் மூதாட்டியைச் சந்தித்தபோது அவள் போர்வையை நீட்டி, "கேள், உள்ளே வா" என்றாள். ஒருவரும் வாளைத் தொடவில்லை. ஒருவர் தன் பாத்திரம் அவளருகில் அமர்ந்துகொள்கிறது என்றார். இருவர் மட்டும் ஏச்சும் அவளும் ஒன்றுதானா என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

சொல்லாழியின் பழக்கத்தைப் பின்பற்றி ஓர் எழுத்தை நீட்டியும் பார்த்தேன். பதிவேட்டின் ஓரத்தில், குழுவின் உள்பெயரைக் கேள்விப்பட்ட எழுத்தர் ஒருவர் 'கேளீர்' என்று குறித்துவைத்திருக்கிறார். இகரம் ஈகாரமானது கைப்பிழையா, இல்லை அவரும் ஒருமுறை கரையில் போய் அமர்ந்தவரா என்பதை ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்லாழி

கேளீர் என்றால் 'நீங்கள் கேளுங்கள்' என்ற ஏவல். பழைய இலக்கணத்தில் 'நீங்கள் கேட்க மாட்டீர்கள்' என்றும் படிக்கலாம். எழுத்தர் எந்தப் பொருளில் எழுதினார் என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து, எவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.